நெருப்பு படாத கதவு

பட்டறைப் பக்கம் போய் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எல்லோரும் உதட்டைப் பிதுக்குவார்கள். பொறி என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அவர் முன்னால் நிறுத்துவார்கள். கார்களுக்கு உடம்பு வேலை செய்கிற டிங்கர் அவர். நசுங்கியதைத் தட்டி எடுப்பார். துரு தின்ற இடத்தை வெட்டிப் புதுத் தகடு வைத்து வெல்டிங் பிடிப்பார். மீசை அரும்பிய நாளிலிருந்து பொறி தெறித்துத் தெறித்து, அவரிடம் முழுசாக ஒரு சட்டை இருந்ததில்லை. வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, இதில் மாவு சலிக்கலாம் என்பாள் மனைவி.

அப்படிப்பட்டவர் வாழ்க்கைப்பட்டது ஒரு தீயணைப்பு வண்டி ஓட்டுநரின் வீட்டில். வாழ்க்கைப்பட்டது என்று சொல்வதில் தவறே இல்லை, வீட்டோடு மாப்பிள்ளை அவர். ஒரே பெண், மாமியாரும் இல்லை, மாமனாரைத் தனியாக விட முடியாது என்று மாடியில் குடிவந்தார்கள். கீழே மாமனார், மேலே இவர்கள். "காலம் பூரா நான் அணைச்சிட்டே வந்தேன். இப்ப பத்தவெக்கிறவரை வீட்டுக்குள்ளயே கொண்டாந்து வெச்சிருக்கா என் பொண்ணு" என்று கல்யாணத்தன்றே நாலு பேர் காதில் விழும்படி சொல்லிச் சிரித்தவர் மாமனார். பொறியும் சிரித்தார். அந்த வீட்டில் அவருக்குச் சிரிப்பது ஒரு வேலையாகவே ஆகிப்போனது.

அந்த வீட்டில் இன்னொருவரும் உண்டு, மாமனாரின் கார். உருண்டை முகம், வெளிர் பச்சை நிறம், உட்கார்ந்தால் தொட்டிக்குள் இறங்கின மாதிரி தாழ்ந்த இருக்கை. மகள் பிறப்பதற்கு முந்தின வருஷம் வாங்கியது. அதனால் அவள் அதை "எங்கக்கா" என்பாள். அக்காவுக்கு வயதாகிவிட்டது, ஆனால் உடம்பில் ஒரு கீறல் கிடையாது, வெளியார் கை படவும் விட்டதில்லை. முக்கியமாக, மாப்பிள்ளையின் கை. பழைய கார்களில் தகட்டுக்குப் பின்னால் ஒயர்க் கட்டு ஓடும், இருக்கைக்குள் நார் திணித்திருப்பார்கள், எங்கேயாவது பெட்ரோல் கசிந்திருக்கும். வெல்டிங்கில் கருகிப்போன எத்தனையோ வண்டிகளுக்குத் தண்ணீர் பீய்ச்சியவர் மாமனார். "வெல்டிங் வெக்கிறவன் பொறியைத்தான் பாக்கறான். அது போய் எங்க உக்காருதுன்னு பாக்கறதில்ல" என்பார். நெருப்பு அந்த ஷெட்டின் வாசற்படியைத் தாண்டக் கூடாது. அது சட்டம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், இவர்கள் இன்னும் படுக்கையை விட்டு எழாத நேரத்தில், ஷெட்டிலிருந்து படீரென்று ஒரு சத்தம் வந்தது. தகட்டோடு தகடு மோதுகிற சத்தம். பொறிக்குத் தூக்கத்திலும் தெரியும். இருவரும் ஓடினார்கள். மாமனார் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். கதவு அளவு மீறித் திறந்து, முன்பக்க மட்கார்டில் போய் இடித்துக்கொண்டு நின்றது. மட்கார்டில் ஒரு குழி.

காற்று தள்ளிவிட்டது என்றார் மாமனார். ஷெட்டில் ஒரு இலைகூட ஆடவில்லை. "மாப்பிள்ளை, கொஞ்சம் என்னன்னு பாருங்க" என்றார், இருக்கையை விட்டு எழாமலே. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகப் பொறியின் கை அந்தக் காரின் மேல் பட்டது.

அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முன் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஒரு சிலந்தி வலை முகத்தில் ஒட்டியது; புறங்கையால் வழித்துப் போட்டுவிட்டு டார்ச்சை அடித்துப் பார்த்தார். கதவைத் தாங்குகிற இரண்டு கீல்களுக்கு நடுவே ஒரு இரும்புப் பட்டை உண்டு. கதவை ஓர் அளவுக்கு மேல் போகவிடாமல் இழுத்து நிறுத்துவது அதுதான். அந்தப் பட்டையின் மறுமுனையைப் பிடித்திருக்கும் பிராக்கெட், தான் ஒட்டியிருந்த தகட்டையும் பிய்த்துக்கொண்டு கையோடு வந்துவிட்டிருந்தது. கீல்கள் மாட்டியிருக்கும் காரின் தூணில் ஒரு ஓட்டை, கிழிந்த வாய் மாதிரி.

பொறிக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் கிழிந்த தகட்டை அவர் கடகடவென்று படிப்பார். ஒரே அடியில் பிய்ந்தால் விளிம்பு முழுக்கப் பளபளவென்று இருக்கும். இதில் பாதி விளிம்பு பழுப்பேறித் துருவாக இருந்தது, அடுத்த பாதி மங்கல், கடைசி ஒரு விரற்கடைதான் புதுசு. மாதக்கணக்கில் யாரோ இந்தக் கதவைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளியிருக்கிறார்கள். கதவின் அடியில் கையைக் கொடுத்துத் தூக்கினார், கீல் ஆட்டம் கண்டிருந்தது. தள்ளியது மட்டுமில்லை, மேலே பாரமும் போட்டிருக்கிறார்கள். கதவின் மேல் விளிம்பில் ஓர் உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் தேய்ந்து வழவழவென்று இருந்தது.

அந்த இடத்தில் அவர் தன் கையை வைத்துப் பார்த்தார். மாமனாரைப் பார்த்தார். மாமனார் கண்ணாடி வழியே எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. மாமனார் மாடிக்கு ஏறி எத்தனை நாளாயிற்று? எதற்கும் கீழேயிருந்தே குரல்தான். சாப்பாட்டுக்கு இவர்கள் இறங்கி வரும்போது முன்கூட்டியே உட்கார்ந்திருப்பார். இவர்கள் எழுந்து போகிறவரை எழ மாட்டார்.

மாமா கதவை ஊன்றித்தான் எழுகிறார் என்று அன்று மாலை துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் மெதுவாகச் சொன்னார். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க அடுத்தவர்களின் கெட்ட செய்தியை உறையில் போட்டுக் கொடுத்துப் பழகியவள்.

"சரி பண்ணாதீங்க" என்றாள்.

"என்ன பேச்சு இது?"

"எழுந்திருக்கவே வராத காலு பிரேக்குல எப்படிங்க போகும்? வண்டியை விடுங்கன்னு நான் சொன்னா கேப்பாரா? நீங்க சொன்னா கேப்பாரா? கதவு இல்லன்னா தானா நிப்பாரு. வெல்டிங் இல்லாம முடியாதுன்னு சொல்லிடுங்க."

உள்பக்கம் ஒரு தகட்டைக் கொடுத்து நாலு போல்ட் போட்டால் காலத்துக்கும் நிற்கும் என்று பொறிக்குத் தெரியும். நெருப்பே தேவையில்லை. அதைச் சொன்னார். தொழில் தெரியாதவன் என்று மாமா நினைப்பாரே என்றும் சொன்னார்.

"நினைக்கட்டும். உசுரோட இருந்து நினைக்கட்டும்."

பொறி சரியென்று வாக்குக் கொடுத்தார். மறுநாள் கீழே போய், நின்றபடியே சொன்னார். தகடு மெலிந்துவிட்டது, பற்றவைக்காமல் நிற்காது. மாமனார் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். நெருப்பு இல்லையென்றால் நம் மாப்பிள்ளைக்குக் கை ஓடாது என்று தெரிந்ததுதானே என்றார். குரலில் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் பொறிக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மாமனார் அதோடு விடவில்லை. பழைய சீருடையின் தோல் பெல்ட்டைத் தேடி எடுத்து, கதவின் உள்பிடியையும் ஸ்டீயரிங் தண்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார். கதவு இப்போது பெல்ட் விட்ட அளவுக்குத் திறந்தது. காலையில் இவர்கள் இருவரும் வேலைக்குக் கிளம்பி வாசலைத் தாண்டும்போது எப்போதும் போல ஷெட்டில் இன்ஜின் உறுமியது. இரவுச் சாப்பாட்டில் எப்போதும் போல ரோட்டுக் கதைகளும் வந்தன. சிக்னலில் ஒருத்தன் தலை சீவிக்கொண்டே நின்றான்; பச்சை விழுந்தது தெரியவில்லை, பின்னால் அத்தனை வண்டியும் கத்தியது, இவன் வகிடு எடுத்து முடித்துவிட்டுத்தான் கிளம்பினான். மனைவி சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"பெல்ட்டைக் கட்டிக்கிட்டு ஓட்டறாரு. நீங்க பாத்துக்கிட்டு இருக்கீங்க" என்றாள் மாடிப்படியில்.

பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறென்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. மனைவி சொல்லி, ஒரு நாள் விடிகாலையில் பேட்டரி ஒயரைத் தளர்த்திவிட்டு வந்தார். அன்றும் இன்ஜின் உறுமியது. இரவு மாமனார் மோர் ஊற்றிக்கொண்டே, "பேட்டரி ஒயர் லூசா இருந்துச்சு மாப்பிள்ளை. நம்ம ஷெட்டுல ஸ்பேனர் பிடிக்கத் தெரிஞ்ச எலி ஒண்ணு இருக்கு போல" என்றார். பொறி எலிக்கு வழி பார்க்கிறேன் என்றார். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

பிறகு ஒரு நாள் பட்டறையில் வேலை தொடங்கியபோது வெல்டிங் கறுப்புக் கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. எடுத்துவரத் திரும்பிப் போனார். மாமனார் அன்று பழைய தீயணைப்பு ஸ்டேஷன் ஆட்களைப் பார்க்கப் போவதாக முந்தின இரவு சொல்லியிருந்தார். ஆனால் ஷெட் கதவிடுக்கில் பச்சை தெரிந்தது. கார் போகவில்லை.

உள்ளே மாமனார் தரையில் உட்கார்ந்திருந்தார். முதுகு காரின் படிப்பலகையில் சாய்ந்திருந்தது. கையில் அறுந்த பெல்ட். கதவு மறுபடி மட்கார்டில் போய் முட்டியிருந்தது.

"விழுந்துட்டீங்களா மாமா?"

"இல்ல. தரை சரியா போட்டிருக்காங்களான்னு பாக்கறேன்."

பொறி பதறிப்போய்க் கையை நீட்டினார். மாமனார் பிடிக்கவில்லை.

"கையை அப்புறம் குடுங்க. முதல்ல வாக்கைக் குடுங்க. பாப்பாவுக்குத் தெரியக் கூடாது."

மகளை அவர் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். பொறி வாக்குக் கொடுத்தார். கொடுத்த பிறகு, தரையிலேயே அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மாமனார் வண்டி ஓட்டுவதை விட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன. ஒரு நாள் தெருமுனையில் சைக்கிளில் வந்த ஒரு பெண்பிள்ளைக்கு முன்னால் பிரேக்கில் கால் போய்ச் சேரத் தாமதமானது. ஒன்றும் ஆகவில்லை, அந்தப் பிள்ளை திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டது. அங்கிருந்து நடக்கிற வேகத்தில் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். அதோடு சரி. டாக்டர், முதுகுத்தண்டில் நரம்பு நசுங்குகிறது, இந்த வயதில் கத்தி வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார். தினமும் உட்கார்ந்து எழுந்து பழகுங்கள், எத்தனை நாள் ஓடுகிறதோ அத்தனை நாள் லாபம். வீட்டு நாற்காலி பின்னால் வழுக்கியது. மேசையில் பிடிமானம் இல்லை. கார்க் கதவுதான் சரியான உயரம், இரும்புக் கதவு, பட்டை இழுத்துப் பிடித்ததும் சுவர் மாதிரி நின்றது.

"அதுவுமில்லாம, நாற்காலியைப் புடிச்சு எழுந்தா நோயாளி. கார்லேருந்து எறங்கினா டிரைவர்" என்றார்.

இன்ஜினைத் தினமும் கிளப்பியது இவர்கள் காதுக்காக. சிக்னலில் தலை சீவியவன் பல வருஷத்துக்கு முந்தினவன்.

பொறிக்குச் சிலந்தி வலை நினைவுக்கு வந்தது. ஓடுகிற சக்கரத்தில் எந்தச் சிலந்தி வலை கட்டும்? தகட்டின் துருவை அத்தனை நுணுக்கமாகப் படித்தவர், முகத்தில் வந்து ஒட்டியதை வழித்துப் போட்டுவிட்டார்.

"உள்ள ஒரு தகடு குடுத்து போல்ட் போட்டா நிக்கும். எங்க வண்டியில ஏணியையே அப்படித்தான் மாட்டியிருந்தாங்க. எனக்கே தெரியும், உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார் மாமனார். "பாப்பாதானே முடியாதுன்னு சொல்லச் சொன்னா?"

பொறி அறுந்த பெல்ட்டை வாங்கிச் சுருட்டினார்.

"சரி விடுங்க. ரெண்டு பேருமே அவளுக்குத்தான் பயப்படறோம்."

பெல்ட் கட்டிய நாளிலிருந்து பாரத்தை முழுக்கப் போட பயம், பெல்ட் இழுபட்டுக்கொண்டே போனது, எழுவது பாதியாகக் குறைந்துவிட்டது என்றார். பழக்கத்தைக் கொஞ்சம் விட்டால் காலின் பலம் நிறையக் குறைந்துவிடுகிறதாம். அதை அவர் குற்றமாகச் சொல்லவில்லை. இன்று காற்றடிக்கும் என்று சொல்கிற மாதிரிச் சொன்னார்.

பொறி அவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். முன்பு எப்படியோ, இப்போது அவ்வளவு பெரிய மனிதர் ஒரு காலிப் பெட்டி மாதிரி எழுந்து வந்தார். கால்கள் மட்டும் கொஞ்சம் தாமதித்து வந்தன.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை பொறி வேலையைத் தொடங்கினார். ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தில் பக்கவாட்டு அட்டையைக் கழற்றினால் தூணுக்குள் ஒரு சந்து. கை நுழையும், நெருப்பு நுழையக் கூடாது, அங்கேதான் ஒயர்க் கட்டு மொத்தமும் ஓடுகிறது. ஒயர்களைக் கட்டி ஓரம் ஒதுக்கினார். கிழிசல் மேற்கொண்டு ஓடாமல் இருக்க, அதன் நுனிகளில் சின்னத் துளை போட்டார். துருவைச் சுரண்டி, செம்மண் நிறத்தில் அடிப்பூச்சுப் பூசினார். கனமான தகட்டில் ஓட்டையைவிட நன்றாகப் பெரிதாக ஒரு துண்டை ரம்பத்தால் கையாலேயே அறுத்து, தூணின் வளைவுக்குத் தக்கபடி சுத்தியால் தட்டி வளைத்தார். அதைக் கம்பியில் கோத்துச் சந்து வழியே உள்ளே விட்டு, ஓட்டை வழியே இழுத்துப் பொருத்தினார். வெளியே இன்னொரு தகடு, நடுவில் கிழிந்த தூண், மூன்றுக்கும் இடையில் இரும்பு பிடிக்கிற பசை. பிராக்கெட்டை மேலே வைத்து நாலு போல்ட்டையும் முறுக்கினார். கீல்களைக் கோத்திருக்கும் ஊசிகளையும் புதிதாக அடித்தார்.

மாமனார் முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர்.

"நெருப்பே இல்லையே மாமா. வாளி எதுக்கு?"

"உங்களை வெச்சுக்கிட்டு எதையும் நம்ப முடியாது."

ரம்பச் சத்தம் கேட்டு மனைவி இறங்கி வந்தாள். ஷெட் வாசலில் நின்று பார்த்தாள். பொறி கை கழுவப் பின்பக்கம் போனபோது கூடவே வந்தாள்.

"எனக்கு வாக்குக் குடுத்தீங்க."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேருக்கு வாக்குக் கொடுத்தவன் யாருக்குக் கொடுத்ததைக் காப்பாற்றுவது? அவர் குழாயை மூடினார்.

"எங்கப்பா எங்கயாவது போய் மோதினா, போல்ட் போட்டவர் நீங்கதான்னு ஆயுசுக்கும் சொல்லிக்கிட்டே இருப்பேன்" என்றாள்.

"சொல்லு" என்றார் பொறி.

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. பிறகு டீ போடப் போய்விட்டாள்.

பசை இறுகட்டும் என்று மாலை வரை விட்டார்கள். பொறி முதலில் தானே கதவில் தொங்கிப் பார்த்தார். பட்டை இழுத்துப் பிடித்தது. கதவு ஓரிடத்தில் நின்றது, நின்ற இடத்தில் நின்றது. முழு பாரத்தையும் போட்டு ஆட்டினார். முனகல்கூட இல்லை. பற்றவைத்திருந்தால்கூட இப்படி வந்திருக்குமா என்று அவருக்கே தோன்றியது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவருக்கு ஒரு வேலையில் சந்தோஷம் வந்தது. "வாங்க மாமா" என்றார்.

மாமனார் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து இருக்கையில் இறங்கினார். இறங்குவது எளிதாகத்தான் நடந்தது. இரண்டு கால்களையும் கையால் எடுத்து வெளியே வைத்தார். உள்ளங்கையைப் பெயின்ட் தேய்ந்த இடத்தில் வைத்தார், சாவி பூட்டில் உட்காருகிற மாதிரி. மூச்சை இழுத்தார். எழுந்தார்.

எழவில்லை. ஒரு சாண் மேலே வந்து, அங்கேயே நடுங்கி, திரும்ப உட்கார்ந்தார்.

கதவு அசையவில்லை. மறுபடி முயன்றார். தோள் புடைத்தது, கழுத்து நரம்பு எழுந்து நின்றது, கதவைப் பிடித்த கை வெளுத்துப்போனது. கால்களுக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. மூன்றாவது தடவை இருக்கையை விட்டு எழும்பவே இல்லை. பொறி முழங்கையில் பசை காய்ந்த கையை முன்னால் நீட்டுவதும் பின்னால் இழுப்பதுமாக நின்றார். நீட்டினால் அவர் நோயாளி. நீட்டாவிட்டால்?

நாலு போல்ட்டும் போட்ட இடத்தில் போட்டபடி இருந்தன. பிய்ந்தது எதுவும் அங்கே இல்லை, தட்டி நிமிர்த்த, தகடு வைக்க, முறுக்க.

"வேலை சுத்தம் மாப்பிள்ளை. இம்மி அசையல" என்றார் மாமனார், மூச்சு வாங்கிக்கொண்டே. "கொஞ்சம் உக்காந்திருக்கேன்."

அப்போதுதான் பொறி திரும்பிப் பார்த்தார். ஷெட் வாசலில் மனைவி டீத் தட்டோடு நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. அவள் கண் அப்பாவின் கால்களில் இருந்தது. பிறகு கதவின் மேல் விளிம்பில், அந்தத் தேய்ந்த இடத்துக்குப் போனது. அங்கிருந்து பொறியின் முகத்துக்கு வந்தது. இந்தக் கால்கள் வண்டி ஓட்டியே பல நாளாகியிருக்கும்; பின்பக்கக் குழாயடியில் அவர் சொன்ன ஒற்றைச் சொல்லுக்கு இப்போது அவளுக்குக் கணக்குப் புரிந்த மாதிரி இருந்தது.

அவள் தட்டைப் பட்டறைப் பெட்டியின் மேல் வைத்தாள். காரைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய், கதவைத் திறந்து அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சின்ன வயதில் பள்ளிக்கூடம் போக உட்கார்ந்த மாதிரி இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எங்கப்பா போறோம்?" என்றாள். குரலைக் கஷ்டப்பட்டுச் சமமாக வைத்திருந்தாள்.

மாமனார் மெல்லக் கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டார். ஸ்டீயரிங்கைப் பிடித்தார். கண்ணாடிக்கு வெளியே சுவர். சுவரில் மாட்டிய பழைய டயர்.

"சிக்னல் விழுந்திருக்கு பாப்பா" என்றார். "கொஞ்சம் நின்னுதான் போகணும்."

பொறி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிடிக்கத் தேவையே இல்லாத கதவு அது. டீ ஆறுகிறதே என்று நினைத்தார்.